அம்பலம் நாவறண்ட பாறை

ஒக்காருங்கப்பா, எல்லாரும் ஒக்காருங்க. ஏய் மலைச்சாமி, ஒன் பேச்ச மடிச்சு மடியில சொருகு. சிரிக்கிறவ அங்கிட்டுப் போய்ச் சிரிச்சுட்டு வா, கதை ஒண்ணும் ஓடிராது. வாய மூடியாச்சா? அந்தத் தண்ணிச் சொம்ப இங்கிட்டுக் குடு. சரி.

ரொம்பக் காலத்துக்கு முந்தி, இதே நம்ம கீழச்செவ்வூரணியில மூக்காயி மூக்காயின்னு ஒருத்தி இருந்தாளாம். ஆட்டுக்காரி. நம்ம வகையறா மொத்தமும் அவ வயித்துல இருந்து வந்ததுதான். மூஞ்சியப் பாத்தாலே தெரியுது, எல்லாம் ஆட்டு மூஞ்சி.

அப்ப ஊருல ஒரு ஊர்க்கட்டு. புள்ள பெத்தவ ஊருக்கு வெளிய குடிசையில கெடக்கணும். பக்கத்துல நெருப்பு எரியணும். சுக்கு, மெளகு, திப்பிலி இடிச்சுக் கருப்பட்டியில உருட்டுன காயந்தான் சாப்பாடு. மூணு நாளைக்குத் தண்ணி கெடையாது. ஒரு சொட்டுத் தண்ணி கெடையாது. மீறிக் குடுத்தா, குடுத்த வீட்டு ஆடுமாடு ஊரணியில வாய் வைக்கக்கூடாது.

ஏன்னு கேட்டா ஊருக்குத் தலைவரு, அம்பலம் பெரியகருப்பன் தொண்டையச் செருமுவாராம். இப்புடி, "ஹ்ர்ர்ம்க்கும்! தண்ணி குடுத்தா வயிறு ஊதிக்கும். புண்ணு சீழ் கோத்துக்கும். புள்ளைக்குச் சளி கட்டிக்கும். எங்கப்பன் சொன்னாரு, அவுகப்பன் சொன்னாரு!"

மூக்காயி மனசுக்குள்ள நெனைப்பாளாம், 'இவுகப்பன் எத்தன புள்ள பெத்தாரோ.' வெளிய சொல்லமாட்டா.

முந்துன வருசந்தான் அவ ஓரகத்தி அந்தக் குடிசையில செத்தா. நாக்கு மேலண்ணத்துல ஒட்டிக்கிட்டு, தண்ணிங்கிற சொல்லே வெளிய வரல. ஊரு சொல்லுச்சு, பேய் அடிச்சிருச்சுன்னு. மூக்காயிக்கு அதுல நம்பிக்கை இல்ல. குட்டி போட்ட ஆட்டுக்கு அவ மொதல்ல என்ன செய்வா? வெதுவெதுன்னு தண்ணி காட்டுவா. மடக்கு மடக்குன்னு குடிச்சுப்புட்டு ஆடு எந்திரிச்சுக் குட்டிய நக்கும். எந்த ஆட்டுக்கும் வயிறு ஊதுனதில்ல. 'ஆட்டுக்கு ஒரு ஞாயம், ஆத்தாளுக்கு ஒரு ஞாயமா?' இந்த நெனப்பு அவ மண்டைக்குள்ள ஈ மாதிரி சுத்திக்கிட்டே கெடந்துச்சாம்.

சித்திரை மாசம் அவ நாத்துனா சோலையம்மா பொம்பளப்புள்ள பெத்தா. பெத்த மறுநாளே ஒதடு வெடிச்சிருச்சு. கண்ணு உள்ள போயிருச்சு. புள்ளைக்குப் பால் எறங்கல. "அண்ணி, ஒரு வாய்... ஒரு வாய்..." ங்கிறா. குடிசை வாசல்ல காவலுக்கு ஆளு. குடுத்தா ஆடு சாகும், குடுக்காட்டி நாத்துனா சாவா. மூக்காயி நின்னா, பாத்தா, விடுவிடுன்னு ஊர்க்கூட்டத்துக்கு நடந்தாளாம்.

கூட்டம் இந்தா, இந்தப் பாறையிலதான், குடிசைக்குக் கூப்புடு தூரம்.

"அம்பலம், எனக்கு ஒரு சந்தேகம்."

"ஹ்ர்ர்ம்க்கும்! பொட்டச்சிக்கு என்ன சந்தேகம்?"

"தண்ணியில்லாம இருந்தா ஒடம்பு தேறும்கிறீக. ஒங்களுக்குத் தெரியாததா? ஆனா புள்ள பெத்தவ பச்ச ஒடம்புக்காரி, அவளப் பாத்தா ஒண்ணும் வெளங்கல. நீங்கல்லாம் கல்லு மாதிரி ஆம்பளைக. பாதிப் பேரு காயத்தத் தின்னுட்டு, நெருப்புப் பக்கத்துல, தண்ணியில்லாம ஒக்காருங்க. பாதிப் பேரு அதே காயம், அதே நெருப்பு, தண்ணி மட்டும் குடிச்சுக்கங்க. பொழுது சாயிறதுக்குள்ள எந்தப் பக்கம் தேறுதுன்னு ஊரே பாக்கட்டும். தண்ணி குடிக்காதவுக தேறுனா, சோலையம்மா வாய நானே தச்சுர்றேன்."

கூட்டம் சிரிச்சுச்சாம். இம்புட்டுத்தானா? ஒக்காந்தாப் போச்சு!

ஒக்காரச் சொன்னா அம்புட்டுப் பேரும் தண்ணிப் பானைப் பக்கமே ஒக்காருறாய்ங்க! "எனக்குப் பல்லு வலி மூக்காயி." "எனக்கு வெயிலு ஆகாது தாயி." அவ விடல. சாக்குக்குள்ள வெள்ளக் கல்லும் கருப்புக் கல்லும் போட்டுக் குலுக்குனா. "பாக்காம எடுங்க. வெள்ள வந்தா தண்ணிப் பக்கம், கருப்பு வந்தா வறட்டுப் பக்கம். அண்ணன் தம்பின்னு எவனுக்கும் சலுகை இல்ல." அம்பலம் கையவிட்டாரு. கருப்பு. இன்னொரு தடவ எடுக்கவான்னு கேட்டாராம். ஊரே பாக்குது. போய் ஒக்காந்தாரு.

வெயிலு ஏறுச்சு. நெருப்பு எரிஞ்சுச்சு. மூக்காயி காயத்த உருட்டி உருட்டிக் குடுக்குறா. தண்ணிப் பக்கத்து ஆளுக வேர்த்து விறுவிறுத்தாலும் ஊருக்கத பேசிக்கிட்டிருக்காய்ங்க. வறட்டுப் பக்கம் கலகலத்துப் போச்சு. ஒருத்தன், "ஐயய்யோ என் மாடு அத்துக்கிட்டு ஓடிருச்சு," ன்னு எந்திரிச்சு ஊரணிப் பக்கமே ஓடுறான். அவனுக்கு மாடே கெடையாது! ஒருத்தன் செத்துப்போன ஆத்தாளக் கூப்புட்டு அழுகுறான். ஒருத்தன் மல்லாக்கச் சாஞ்சுட்டான்.

அம்பலம் மட்டும் மீசைய முறுக்கிக்கிட்டு ஒக்காந்திருக்காரு. மூக்காயிக்கு இங்க ஒரு கண்ணு, குடிசை மேல ஒரு கண்ணு. அங்க இருந்து வந்துக்கிட்டிருந்த மொனகல் சத்தம் நின்னு போச்சு. சொம்பு நெறையத் தண்ணி மோந்தா. அம்பலம் முன்னாடி வந்து நின்னா.

"என்ன அம்பலம், தேறிட்டீகளா?"

"ஹ்... ஹ்... ழ்ழ..."

செருமல் வரல. பேச்சு வரல. நாக்கு அட்ட மாதிரி ஒட்டிக்கிச்சு. கைய நீட்டுறாரு சொம்புக்கு.

"ஒங்களுக்கா, அவளுக்கா? யாருக்கு மொதல்ல?"

அந்த மனுசன் சொம்பப் பாத்தாரு. குடிசையப் பாத்தாரு. ஒரு பொழுதுக்கே இப்புடின்னா மூணு நாளு எப்புடிங்கிறது அப்பத்தான் அவரு மண்டையில ஏறுச்சோ என்னமோ, நீட்டுன கைய அப்புடியே குடிசைப் பக்கம் திருப்பிக் காட்டுனாராம்.

ஓடுனா மூக்காயி. காவக்காரன் தானா வெலகுனான். சோலையம்மா ஒதட்டுல தண்ணிய வச்சா. மொத வாயி வழிஞ்சு போச்சு. ரெண்டாவது வாயி வழிஞ்சு போச்சு. மூணாவது வாயி தொண்டையில எறங்குச்சு. பொழச்சுக்கிட்டா.

அதுக்கப்பறம் புள்ளப்பேத்துல யாரும் சாகலையான்னு கேக்காத. செத்தாக. உதிரம் நிக்காம செத்தாக, காய்ச்சல்ல செத்தாக, அதெல்லாம் தண்ணிக்கு அடங்குற சங்கதி இல்ல. ஆனா இந்த ஊருல தாகத்துல புள்ள பெத்தவ ஒருத்தியும் சாகல.

அன்னையில இருந்துதான் இந்தப் பாறைக்கு அம்பலம் நாவறண்ட பாறைன்னு பேரு. யாருக்குப் புள்ள பொறந்தாலும் அப்பங்காரன் இங்க வந்து ஒக்காந்துக்குவான். பெத்தவ தண்ணி குடிச்சுட்டான்னு சேதி வந்தப்பறந்தான் அவன் தொண்டைய நனைக்கணும். இப்பப் பேறுகாலம்னா ஆஸ்பத்திரிதான், பாறையத் தூக்கிக்கிட்டா போக முடியும்? வாசல்ல நாற்காலியில ஒக்காந்திருக்கான். பக்கத்து டீக்கடைய மட்டும் வெறிக்க வெறிக்கப் பாக்குறான், டீ குடிக்கிறதில்ல. நர்சு திட்டுதாம், "ஏன்யா, பெத்தவளுக்கு முந்தி நீ மயங்கி விழுகுற?"

ஏத்தா செவந்தி, எல்லாரும் இம்புட்டுச் சிரிக்கிறாக, நீ வாயவே தொறக்கலையே. ஒம்பது மாசக்காரி, ஒனக்காகச் சொன்ன கதை இது. எப்புடி இருந்துச்சு?

"நல்லாத்தான் இருந்துச்சு சித்தப்பா. ஆனா நான் வந்து ஒக்காந்ததுல இருந்து தண்ணிச் சொம்பு ஒங்க கையிலயேதான் இருக்கு."