கரிப்பட்டை

டீ நன்றாக இருக்கிறது. சர்க்கரை ஒரு கரண்டி கூடுதல், ஆனால் அதைக் குறையாகச் சொல்லவில்லை. காலையிலிருந்து வெறும் வயிறு, இனிப்பு தேவையாகத்தான் இருந்தது. அந்த ஜன்னலை மட்டும் மூடாதீர்கள். பாதி ஆயுளை வெட்டவெளியில் கழித்தவன், நாலு சுவருக்குள் எனக்குப் பேச்சு சரியாக வராது.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். பக்கத்து அறையில் தொப்பியை உட்கார வைத்திருக்கிறீர்கள். எங்கள் ஆய்வு நிலையத்தின் தீக்காவலர். அவர் தலையிலிருந்து தொப்பி இறங்கி யாரும் பார்த்ததில்லை, அதனால் அந்தப் பெயர். அவரை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். தீக்குச்சியைக் கிழித்தது அவர் கைதான், ஆனால் அவர் ஒரு பாவமும் அறியாதவர். விசில் கேட்டது, பற்ற வைத்தார். அழுது அழுது முகம் வீங்கிப்போய் இருக்கிறார் மனுஷன். ஒருத்தன் செய்ததற்கு இன்னொருத்தன் அழுவது எனக்குப் பிடிக்காது. எதிலும் ஒரு நியாயம் வேண்டும் அல்லவா.

நீங்கள் நினைப்பது போல இதில் சொத்துத் தகராறு கிடையாது. இறந்துபோனவன் என் தங்கையின் கணவன். அவளை அவன் ஒரு சொல் கடிந்து பேசியதில்லை. கல்லூரியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தோம், ஒரே நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தோம். ஒரு நாள் சாப்பிட வீட்டுக்கு அழைத்து வந்தேன், அன்றைக்கே என் தங்கை அவனுக்கு இரண்டாவது தடவை சோறு போட்டபோது எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. அன்றிலிருந்து அவன் எனக்கு மாப்பிள்ளை, நான் அவனுக்கு மச்சான். நானே பார்த்துச் செய்துவைத்த கல்யாணம் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான்.

எங்கள் வேலை புல். மழை குறைந்த மண்ணில், தூரத்துக்கு ஒரு மரமாக நிற்கிற புல்வெளி. அதைப் பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். இங்கே ஏன் சார் மரமே இல்லை என்பார்கள். மீனுக்கு ஏன் கால் இல்லை என்று கேட்பது மாதிரி. அது அழிந்துபோன காடு இல்லை, என்றைக்குமே புல்வெளிதான். அந்தப் புல்லின் உயிர் தரைக்குக் கீழே, வேர்க்கட்டையில் இருக்கிறது. மேலே காய்ந்த சருகு அப்படியே நின்றுவிட்டால் புதுக் குருத்துக்கு வெயில் கிடைக்காது, மூச்சுமுட்டிச் செத்துப்போகும். அதனால் பாகம் பாகமாகப் பிரித்து, முறை வைத்து நாங்களே எரிப்போம். எரித்த மறுநாள் சுடுகாடு மாதிரி இருக்கும். முதல் மழைக்குப் பிறகு வந்து பார்த்தால் பச்சை கண்ணைப் பறிக்கும். அங்கே முட்டையிடுகிற குருவிகள் வேறு எங்கேயும் இடுவதில்லை.

எரிப்பதற்கு ஒரு முறை உண்டு. காற்று போய் முடிகிற கடைசியில், முந்தின சாயங்காலமே ஒரு பட்டையை மட்டும் எரித்துக் கரியாக்கிவிட வேண்டும். கரிப்பட்டை என்போம். மறுநாள் பெரிய தீ அங்கே வந்து சேரும்போது தின்ன ஒன்றும் இல்லாமல் அடங்கிவிடும். எரிந்த இடம் மறுபடியும் எரியாது, அதனால் எங்கள் ஆட்களுக்கு அதைவிடப் பத்திரமான இடம் கிடையாது. தீ துரத்தினால் வெளியாள் கால் போன பக்கம் ஓடுவான். எங்கள் ஆள் கரியைத் தேடித்தான் ஓடுவான். இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பட்டையை எரிப்பது என் வேலை. தீ வைக்கும் முன் புல்லுக்குள் நடந்து, கூடு குஞ்சு இருக்கிறதா, ஆடு மேய்க்கிறவர் யாராவது படுத்துத் தூங்குகிறாரா என்று பார்ப்பது மாப்பிள்ளையின் வேலை. புல் ஆளை மறைக்கும், ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. பட்டையை நெருங்கியதும் அவன் நீளமாக ஒரு விசில் ஊதுவான். கரி தயாரா என்று அர்த்தம். நான் இரண்டு குட்டி விசில் ஊதுவேன். தயார், வந்துவிடு. அதே இரண்டு குட்டி விசிலைக் கேட்டுத்தான் எதிர்க் கடைசியில் தொப்பி பற்ற வைப்பார். தீ கிளம்புவதற்குள் மாப்பிள்ளை கரிக்கு வந்து என் பக்கத்தில் நின்று, என் தண்ணீர் பாட்டிலை வாங்கிக் குடித்துக்கொண்டிருப்பான். சொந்த பாட்டில் கொண்டுவருகிற பழக்கமே கிடையாது அவனுக்கு.

இப்போது துரோகத்துக்கு வருகிறேன். பெரிய வார்த்தைதான், வேறு வார்த்தை எனக்குத் தெரியவில்லை.

போன வருஷம் அந்தப் புல்வெளி முழுவதும் மரம் நட வேண்டும் என்று ஒரு திட்டம் வந்தது. இங்கே மரம் நட்டால் புல் சாகும், குருவி போகும், கிணறு வற்றும். இதை நானும் அவனும் ஊர் ஊராகப் போய்ச் சொன்னோம். கருத்துக் கேட்புக் கூட்டத்தில் நிலையத்தின் சார்பில் மாப்பிள்ளை பேசுவதாக ஏற்பாடு. எனக்கு மேடை என்றால் நாக்கு ஒட்டிக்கொள்ளும், அவன் பேசினால் கூட்டம் கேட்கும். நான் முன்வரிசையில் தங்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

அவன் திரையில் ஒரு படத்தைப் போட்டான். கண்ணுக்கு எட்டிய வரை கரி, நடுவில் கருகிய ஒற்றை மரம். "பாருங்க, இந்த மண்ணு செத்துப்போச்சு. இதுக்கு மரம்தான் உயிர் குடுக்கணும்" என்றான். கூட்டத்தில் யாரோ உச்சுக் கொட்டினார்கள்.

அந்தப் படத்தை எடுத்தது நான். நாங்கள் எரித்த மறுநாள் காலையில், அவன்தான் மடக்கு ஏணியைப் பிடித்துக்கொண்டான். மழைக்குப் பிறகு அதே ஏணியில் நின்று அதே இடத்தைப் பச்சையாக எடுத்த படமும் இருக்கிறது. எங்கள் அலுவலகச் சுவரில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டியிருக்கும். அவன் முதல் படத்தைக் காட்டினான், இரண்டாவதைக் காட்டவில்லை. பேசி முடிக்கும் வரை என் பக்கம் திரும்பவே இல்லை. தங்கை என் கையைப் பிடித்து, "அண்ணா, இங்க வேணாம், வீட்டுல பேசிக்கலாம்" என்றாள். அப்போதுதான் அவளுக்கும் முன்பே தெரியும் என்று புரிந்தது.

வெளியே வண்டிகள் நிற்கிற இடத்தில் அவனைப் பிடித்தேன்.

"ஏன் மாப்ளே?"

"மச்சான், நாம ஒத்துக்கிட்டாலும் ஒத்துக்காட்டியும் மரம் நடத்தான் போறாங்க. எதிர்த்து நின்னா நிலையத்தையே மூடிடுவாங்க. ஒத்துக்கிட்டதால பாறைப் பக்கத்து நிலத்தை மட்டும் புல்லாவே விடச் சொல்லி வாங்கியிருக்கேன். உனக்காகத்தான்."

"எனக்காகவா?"

"பின்ன? எனக்குப் பொண்ணு படிக்கணும், டவுன்ல வேலை போட்டுத் தரேன்னு சொல்றாங்க. உன் தங்கச்சி அந்தத் தகரக் கூரைக்குக் கீழ எத்தனை கோடை வெந்திருக்கா தெரியுமா? நீ புல்லைக் கட்டிக்கிட்ட, சரி. நாங்களும் கட்டிக்கணுமா?"

சொல்லிவிட்டு அவன் கண் கலங்கியது. அதையும் சொல்லிவிடுகிறேன், மறைக்கவில்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள், விருந்து முழுவதையும் தானே எடுத்துப் போய் ஊராருக்குப் பரிமாறிவிட்டு, இலை ஓரத்தில் ஒரு கவளம் ஒதுக்கி வைத்து உனக்குத்தான் என்றால் எப்படி இருக்கும். முன்கூட்டியே என்னிடம் சொல்லியிருக்கலாம். சண்டை போட்டிருப்போம், ஒரு மாதம் பேசாமல் இருந்திருப்போம், அவ்வளவுதான். அவன் சொல்லவில்லை. அதுதான் என் மனதில் முள்ளாக நின்றது.

நான் சண்டை போடவில்லை. மறுவாரம் அவர்கள் வீட்டில் போய்ச் சாப்பிட்டேன். மருமகளுக்குக் கணக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தேன். என்னப்பா இந்த மனுஷனுக்குக் கோபமே வராதா என்று நிலையத்தில் பேசிக்கொண்டார்கள். மாப்பிள்ளைக்கும் நிம்மதி, பழையபடி முதுகில் தட்டி, "மச்சான் தங்கம்டா" என்றான்.

புல்வெளியின் கடைசிப் பாகத்தையும் எரித்துவிட்டால் அதோடு தீ வைப்பது நிறுத்தம். அதற்கு அந்தப் பக்கம் ஏற்கெனவே குழி தோண்டிக் கன்று நட்டுவிட்டார்கள், கன்றுக்கு இடையில் புல் வெட்டாமல் அப்படியே நின்றது. நடுவில் கரிப்பட்டை இருந்தால் தீ கன்றுகளுக்குப் போகாது. பட்டை இல்லாவிட்டால் போகும். நான் பட்டையை எரிக்கவில்லை. கன்றுகள் எரிய வேண்டும் என்பதுதான் என் எண்ணம். இதை நீங்கள் எழுதிக்கொள்ளலாம், கன்றுகளை எரித்ததற்கு நான் வருத்தப்படவில்லை.

முந்தின சாயங்காலம் புகை வந்ததே என்று தொப்பி உங்களிடம் சொல்லியிருப்பார். வந்தது. பாறையடியில் கிடந்த சருகைக் கூட்டி நான் எரித்த புகை. கரி வாசனை காற்றில் இருக்க வேண்டும் அல்லவா, இல்லாவிட்டால் மாப்பிள்ளை மூக்கு கண்டுபிடித்துவிடும். அவன் மூக்கு அப்படிப்பட்டது.

அவன் அன்று வர வேண்டிய அவசியமே இல்லை. டவுன் வேலைக்கு ஆணை வந்துவிட்டது. புல்லுக்குள் நடக்க வேறு யாரையாவது அனுப்பச் சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று கேட்கிறீர்கள். முந்தின சாயங்காலமே போய் முறையாகப் பட்டையை எரித்திருப்பேன். வேறு ஆளை எப்படி அப்படி விட முடியும், என்ன கேள்வி இது. ஆனால் அவன்தான் வருவான் என்று எனக்குத் தெரியும். கடைசித் தீ. காலையில் பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு, சிரித்துக்கொண்டு வந்து நின்றான். "இன்னும் மனசுல எதாவது இருக்கா மச்சான்?" என்றான். "போடா, வேலையைப் பாரு" என்றேன். அவனுக்கு அது போதுமாக இருந்தது. பாட்டில் கொண்டு வரவில்லை வழக்கம் போல.

எல்லாம் முடிந்த பிறகு தங்கை என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். நிலையத்துச் சமையலறையில், அடுப்பு பற்ற வைக்காமல் நின்றுகொண்டிருந்தாள்.

"அவரு விசில் ஊதுனாரா அண்ணா?"

"இல்லம்மா. மறந்து வெச்சிட்டுப் போயிருப்பான் போல."

"நான்தான் அண்ணா சட்டைப் பாக்கெட்ல போட்டு விட்டேன்."

என்னைப் பார்த்தாள், பிறகு தன் மகளை என் மடியிலிருந்து தூக்கிக்கொண்டு போய்விட்டாள். இன்றைக்கு வரை அவள் எனக்குக் கதவு திறக்கவில்லை. கரிக்குள் தேடி அவன் விசிலை எடுத்து உங்களிடம் கொண்டுவந்து கொடுத்தது அவள்தான் என்று கேள்விப்பட்டேன். அண்ணன் என்றும் பார்க்காமல் செய்திருக்கிறாள். நான் அவளுக்கு என்ன குறை வைத்தேன், சொல்லுங்கள். குடும்பத்தில் எனக்கு வாய்த்தவர்கள் எல்லோருமே அப்படித்தான்.

சரி, அந்தக் காலை. நான் பட்டைக்குப் பக்கவாட்டில் இருக்கிற பாறை மேல் நின்றேன். அங்கிருந்து ஆள் தெரியாது, ஆனால் புல் அசைவது தெரியும். காற்று நல்ல வேகம். புல் ஒரு கோடாகப் பிரிந்துகொண்டே வந்து, பட்டை இருந்திருக்க வேண்டிய இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் நின்றது. நீள விசில் வந்தது. கரி தயாரா.

நான் இரண்டு குட்டி விசில் ஊதினேன். தூரத்தில் தொப்பி பற்ற வைத்தார்.

கோடு முன்னால் நகர்ந்தது, நின்றது, கொஞ்சம் இடது பக்கம் போனது, திரும்பவும் முன்னால் வந்தது. கரியைத் தேடுகிறான். இன்னும் நாலடி, இன்னும் நாலடி என்று நினைத்திருப்பான். வேறு யாராக இருந்தாலும் குறுக்கே ஓடிப் பாறைக்கு வந்து தப்பித்திருப்பார்கள். அவன் குறுக்கே ஓடவில்லை, நேராக ஓடினான், ஏனென்றால் மச்சான் எரித்த பட்டை அங்கேதான் இருக்கும். என்னை அவன் அவ்வளவு நம்பினான். கூட்டத்தில் அந்தப் படத்தைப் போடும்போது அந்த நம்பிக்கை எங்கே போயிருந்தது என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

பிறகு புகை மூடிவிட்டது. புகைக்குள்ளிருந்து விசில் மறுபடியும் வந்தது. அப்புறம் இன்னொரு தடவை, கொஞ்சம் குட்டையாக.

அவன் என்னைக் கைவிட்டது போல நான் அவனைக் கைவிடவில்லை, ஐயா. அவன் ஊதிய ஒவ்வொரு விசிலுக்கும் இரண்டு குட்டி விசில் பதில் கொடுத்தேன், அவன் நிறுத்தும் வரைக்கும்.