ஓர் அங்குல மழை

இலையுதிர் காலத்து வானத்தைப் பார்க்க வேண்டுமென்றால் வீட்டின் மேற்குப் பக்கம் திறந்திருக்க வேண்டும். இது பலருக்குத் தெரிவதில்லை. கிழக்கே ஒரு ஜன்னலை வைத்துக்கொண்டு விடியலைப் பார், விடியலைப் பார் என்று பெருமையடிப்பார்கள். எங்கள் மலைச்சரிவில் அக்டோபர் விடியலில் பார்க்க ஒன்றும் இல்லை. மழை மேற்கேயிருந்துதான் வரும். சூரியனும் பள்ளத்தாக்குத் தூசிக்குள் பூசணிக்காய் நிறத்தில் அங்கேதான் இறங்கும்.

உட்காருங்கள், மிஸ் கின்டேரோ. அந்த நாற்காலியில் படுத்திருக்கும் நாயைத் தள்ளிவிட்டு உட்காரலாம், அது கோபித்துக்கொள்ளாது. பாஸ்டி இப்போதுதான் சுட்டது, உள்ளே மாட்டிறைச்சியும் உருளைக்கிழங்கும். தீ விசாரணை அதிகாரிகள் சாட்சி வீட்டில் சாப்பிடக்கூடாது என்று விதி ஏதும் இருந்தால் காகிதத்தில் சுற்றித் தருகிறேன், காரில் போய்ச் சாப்பிடுங்கள்.

டென்னி ட்ரெகியர் மேல் வழக்குப் போடப்போகிறீர்கள் என்று தபால் நிலையத்தில் பேசிக்கொண்டார்கள். ஊர்த் தீயணைப்புக் குழுவின் தலைவன் அவன். காய்ந்த காட்டில் குப்பை கொளுத்த அனுமதி கொடுத்தான், அதனால் என் பக்கத்து வீட்டு மெர்ல் கார்விக் செத்தான், கீழ்ச் சாலை முழுக்கச் சாம்பலானது என்று எழுதப்போகிறீர்களாம். டென்னி நல்லவன். ஒவ்வொரு குளிர்காலத்துக்கும் எனக்கு விறகு பிளந்து அடுக்கிவிட்டுப் போவான். அவன் சிறைக்குப் போவதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியாது. அதற்காகத்தான் உங்களைக் கூப்பிட்டேன். தப்பு அவனுடையது இல்லை. மழைமானியில் தண்ணீர் ஊற்றியது நான்.

பேனாவைக் கீழே வைக்க வேண்டாம், சொல்கிறேன்.

நீங்கள் சாக்ரமென்டோ ஆள், எங்கள் பென்ரோஸ் ஃபிளாட் வழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்காது. கோடை முழுவதும் இங்கே ஒவ்வொரு வீட்டிலும் புதர் வெட்டுவார்கள், பட்ட மரத்தைக் கழிப்பார்கள், எல்லாவற்றையும் முற்றத்தில் குவித்து வைப்பார்கள். முதல் மழை ஓர் அங்குலம் பெய்யும்வரை யாரும் தீக்குச்சி உரசக்கூடாது. அந்த ஓர் அங்குலத்தை எங்கே அளப்பது என்பதில்தான் பல காலம் தகராறு. தீயணைப்பு நிலையத்தில் மழைமானியை வைத்தார்கள், அணில் கவிழ்த்துவிட்டது. தேவாலயத்தில் வைத்தார்கள், புல்லுக்குத் தண்ணீர் தெளிக்கும் குழாய் அதிலும் தெளித்து ஆகஸ்டிலேயே மழைக்காலம் வந்துவிட்டது. கடைசியில் இங்கே, என் வீட்டில், ஓபல் டிரஸ்கட் வீட்டில் வைத்தால் ஒருத்தனும் கைவைக்க மாட்டான் என்று ஊர் கூடிக் கை தூக்கியது. மெர்ல்கூடத் தூக்கினான்.

இன்னொரு வழக்கமும் உண்டு. அனுமதி வந்த பிறகும் என்னிடம் காற்று எப்படி என்று கேட்காமல் யாரும் பற்றவைப்பதில்லை. இதைச் சட்டம் சொல்லவில்லை. வானத்தைப் பார்த்துக்கொண்டே காலம் தள்ளியவளுக்கு ஊர் கொடுத்த மரியாதை அது. எனக்கு அது பிடித்திருந்தது, அதை மறைப்பானேன்.

இந்த வருஷம் மெர்ல் தன் குவியலை வேலியோரம் போட்டான். மன்சனீட்டாப் புதர், தேவதாரு, வண்டு அரித்த பைன் என்று ஏற்றிக்கொண்டே போனான். செப்டம்பர் முடிவதற்குள் அது ஒரு வைக்கோல்போர் உயரத்துக்கு வந்துவிட்டது. என் வராந்தாவிலிருந்து பார்த்தால் சூரியன் இறங்கும் இடம் இருக்கிறதே, அதே இடம். நான் மரியாதையாகத்தான் கேட்டேன்.

"மெர்ல், அதைக் கொஞ்சம் தெக்கால தள்ளிப் போட்டா என்ன?"

"ஏன், சூரியன் உன்கிட்ட சொல்லிட்டுத்தான் போகணுமா? மழை வரட்டும், கொளுத்திடறேன். அதுவரைக்கும் கிழக்கே பாரு ஓபல், கழுத்துக்கு நல்லது."

எனக்குச் சிரிப்புதான் வந்தது. அவன் பேச்சு எப்போதும் அப்படித்தான்.

அதற்கப்புறம்தான் அந்த வாரம் வந்தது. வடக்கேயிருந்து பேய்க்காற்று இறங்கப்போகிறது, பெட்டியைக் கட்டுங்கள் என்று நான் ஊருக்குச் சொன்னேன். பள்ளிக்கூடத்தை மூடினார்கள். பாதிரியார் மகளின் கல்யாண விருந்தைத் தள்ளிவைத்தார்கள். குதிரைகளை வண்டியில் ஏற்றிப் பள்ளத்தாக்குக்கு அனுப்பினார்கள். காற்று வரவில்லை. ஒரு காகிதம்கூடப் பறக்கவில்லை. வானம் சில சமயம் மனசை மாற்றிக்கொள்ளும், அதற்கு யார் என்ன செய்ய முடியும்.

மறுநாள் மெர்ல் தன் குவியலின் உச்சியில் ஒரு கம்பை நட்டு, குளிருக்குப் போடும் தன் சிவப்புக் கம்பளி உள்ளாடையை அதில் கட்டித் தொங்கவிட்டான். கழுத்திலிருந்து கணுக்கால்வரை ஒரே துணி, பின்னால் பொத்தான் போட்ட கதவு. கீழே ஓர் அட்டை: 'ஓபலின் காற்று'. அதைப் பார்க்க ஆட்கள் காரை நிறுத்தினார்கள். பாதிரியாரே படம் எடுத்துக்கொண்டார். நானும் வராந்தாவில் நின்று சிரித்தேன். கேலியை ரசிக்கத் தெரியாதவள் என்று என்னை யாரும் சொல்ல முடியாது. ஆனால் தபால் நிலையத்தில் வானம் பற்றி என்னிடம் கேட்பது அன்றோடு நின்றுபோனது. மாலையில் சூரியன் அந்தச் சிவப்பு உள்ளாடைக்குப் பின்னால்தான் இறங்கியது. ஒவ்வொரு மாலையும். நான் அழுதேன் என்றால் நம்புவீர்களா? அழுதேன்.

அப்புறம் ஒரு தூறல் வந்தது. மழைமானியில் கால் அங்குலம்தான் தேறியது. நான் யோசித்தேன். குவியல் போக வேண்டுமானால் கொளுத்த வேண்டும், கொளுத்த வேண்டுமானால் ஓர் அங்குலம் வேண்டும். பீப்பாயில் போன வசந்தகால மழைத்தண்ணீர் இருந்தது. அதில் ஒரு கோப்பை மொண்டு ஊற்றினேன். குழாய்த் தண்ணீர் ஊற்ற எனக்கு மனசு வரவில்லை. எதிலும் ஒரு நேர்மை வேண்டும்.

டென்னி வந்தான். குனிந்து பார்த்தான். மண்ணைக் காலால் கிளறினான்.

"என்ன ஓபல், எங்க வீட்டுப் பக்கம் தூசியே அடங்கல, இங்க ஓர் அங்குலம் நிக்குது?"

"மலையில மழை ஆள் பாத்துப் பெய்யும், டென்னி. உனக்குத் தெரியாததா?"

"அது சரி. நீங்க சொன்னா சரிதான்."

நான் எதையும் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். அவனே அளந்தான், அவனே நிலையத்துக்குப் போய் மணி அடித்தான், ஊர் முகப்பில் இருக்கும் தீ அபாயப் பலகையின் முள்ளைச் சிவப்பிலிருந்து பச்சைக்குத் தள்ளினான். அந்தச் சனி ஞாயிறில் ஊரே கொளுத்தியது. புகை நேராக மேலே போனது. எல்லார் முகத்திலும் திருவிழாக் களை. ஒரு புல்கூடக் கூடுதலாகக் கருகவில்லை. எல்லாரும் கொளுத்தினார்கள், மெர்லைத் தவிர. முதுகு பிடித்துக்கொண்டது, நன்றாகக் காயட்டும், அடுத்த வாரம் பார்க்கலாம் என்றான். நான் ஊருக்கே செய்த உதவி, யாருக்காகச் செய்தேனோ அவனுக்கு மட்டும் எட்டவில்லை.

வியாழக்கிழமை காலை எழுந்து வராந்தாவுக்கு வந்தேன். படிக்கட்டுக் கைப்பிடியில் பனி இல்லை, துணியால் துடைத்துப் பார்த்தேன், எலும்பு போலக் காய்ந்திருந்தது. குவியலுக்கு இரு பக்கமும் தெரிந்த கடலோர மலைகள் கைநீட்டினால் தொடலாம் என்பது போலக் கிட்டத்தில் நின்றன. கிழக்கே மலைமுகட்டின் மேல் கவிழ்த்த தட்டுகள் மாதிரி மேகம், அசையாமல். இந்த நாயைத் தடவினேன், ரோமத்தில் பொறி தெறித்தது. இத்தனையும் ஒரே காலையில் வந்தால் மதியத்துக்குள் வடகிழக்குக் காற்று இறங்கும். கட்டாயம் இறங்கும். அது என் வீட்டுப் பக்கமிருந்து மெர்ல் வீட்டுப் பக்கம் போகும். மனசை மாற்றிக்கொள்கிற வானம் இல்லை அது. அப்படி ஒரு தெளிவான வானத்தை நான் பார்த்ததே இல்லை. சந்தோஷமாக இருந்தது.

அந்தச் சந்தோஷத்தில் நின்றிருந்தபோதுதான் மெர்ல் டீசல் டப்பாவோடு வந்தான். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தான்.

"ஓபல், இன்னிக்கி முடிச்சிடலாம்னு இருக்கேன். காத்து எப்படி?"

கேலி இல்லை, கண்சிமிட்டல் இல்லை. அந்த மாதம் முழுவதிலும் என்னிடம் அப்படிக் கேட்ட ஒரே ஆள் அவன்தான்.

"என்னைய ஏன் கேக்கற? கம்புல தொங்குதே, அதக் கேளு. அதுதான இப்ப ஊருக்கே காத்து சொல்லுது."

அவன் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். "இன்னுமா கோவம்? இது பாரு, செத்த பாம்பாட்டம் தொங்குது. ஒரு கால்கூட ஆடல."

"அப்புறம் என்ன, மெர்ல்."

இவ்வளவுதான் பேச்சு. இதில் ஒரு வார்த்தை பொய் என்று நீங்கள் காட்ட முடியாது. அந்த நேரத்தில் காற்று இல்லை. அவன் கேட்டது அந்த நேரத்துக் காற்றை.

காற்றைக் காட்டட்டும் என்று உள்ளாடைக் கம்பை மட்டும் பிடுங்கி வேலியில் செருகிவிட்டு அவன் பற்றவைத்தான். குவியல் நன்றாகப் பிடித்தது. எனக்கு எதிரே மேற்கு வானம் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தது. பிறகு உள்ளாடையின் வலது கால் உப்பியது. அடுத்து இடது கால். இரண்டும் சேர்ந்து எழும்பி மெர்ல் வீட்டுக் கூரையை நேராகக் காட்டின. ஓடிப்போ என்று சொல்கிற மாதிரிதான் இருந்தது, ஆனால் அவனுக்கு முதுகு அந்தப் பக்கம். கூப்பிட்டிருக்கலாம்தான். காற்றைப் பற்றி எதையும் அந்த உள்ளாடையிடமே கேட்டுக்கொள்வது என்று ஏற்பாடாகிவிட்ட பிறகு நான் குறுக்கே பேசுவது சரியாகப் படவில்லை.

கூரை பிடித்ததும் அவன் வெளியே, சாலைப் பக்கம்தான் ஓடினான். தப்பித்திருப்பான். பாதியில் நின்று "மஃபின், மஃபின்" என்று கத்திக்கொண்டு வீட்டுக்குள் திரும்பிப் போனான். அதைத்தான் நீங்கள் வந்ததிலிருந்து கேட்க நினைக்கிறீர்கள், இல்லையா? இந்த நாயின் கழுத்துப்பட்டையைப் புரட்டிப் பெயரைப் படித்துவிட்டீர்கள். ஆமாம், இந்த மஃபின் மெர்லுடைய நாய்தான். தினமும் காலையில் பாஸ்டி ஓரத்துக்காக என்னிடம் வரும்.

எரிகிற வீட்டிலிருந்து இது எப்படித் தப்பியது என்று கேட்கிறீர்கள். இது வீட்டில் இருந்தால்தானே. அன்று காலை மேகத்தைப் பார்த்ததுமே என் பெட்டியையும் என் கணவர் படத்தையும் காரில் வைத்தேன். பாஸ்டியைக் காட்டி இதையும் பின் இருக்கையில் ஏற்றிக் கதவைச் சாத்தினேன். மெர்ல் டப்பாவோடு வருவதற்கு முன்பே. வாயில்லா ஜீவன், அதற்கு இதில் என்ன சம்பந்தம். நாய் என் காரில் இருக்கிறது என்று நான் கத்தியிருந்தால் மெர்லுக்குக் கேட்டிருக்குமா என்றால், கேட்டிருக்கலாம், வேலி பக்கத்தில்தான். ஆனால் நாய் எங்கே என்று அவன் என்னிடம் கேட்கவில்லை.

டென்னியை விட்டுவிடுங்கள். தண்ணீர் ஊற்றியது என் தப்பு, அதற்கு என்ன தண்டனையோ கொடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். இன்னும் கொஞ்ச நேரம் இருந்தீர்களானால் சூரியன் இறங்குவதைப் பார்த்துவிட்டே போகலாம், இப்போது எந்த மறைப்பும் இல்லை. ஆனால் எழுதுவதை முழுசாக எழுதுங்கள், மிஸ் கின்டேரோ. அன்றைக்கு அந்த நாயைக் காப்பாற்றியது நான். இந்த ஊரில் ஒருவர்கூட அதற்காக எனக்கு நன்றி சொல்லவில்லை.