குட்டைக் கரைக்கு ஒரு புல்வெட்டும் வண்டி

அன்று பாஸ்கோவின் கடையில் இருந்தவர்கள் நான்கு பேர். நான், என் தம்பி கிளெம், கடைக்காரர் நெவில் பாஸ்கோ, கல்லாவில் அவர் மனைவி மேவிஸ். வாசலில் ஒரு கிழட்டு நாய் படுத்திருந்தது. அதை நீங்கள் கணக்கில் சேர்க்க வேண்டியதில்லை. செப்டம்பர் கடைசி வெள்ளிக்கிழமை, காலை பத்து மணி. உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டி வாங்கப் போயிருந்தோம். அதில் நல்லதாக ஒன்றைத் தேர்ந்தெடுப்பது லேசான வேலை இல்லை, சார்ஜென்ட். பலரும் சிவப்பு நிறத்தைப் பார்த்து வாங்கிவிட்டு, கோடை முழுவதும் உதிரிபாகத்துக்கு அலைகிறார்கள்.

பழைய வண்டி அந்த மாதம்தான் உயிரை விட்டது. கிளெம் அதை முப்பத்தோரு வருடம் ஓட்டினான். ஸ்டீயரிங் இருந்த வண்டி, கீழே கால் பிரேக். எங்களுக்கு மூன்று ஏக்கர், நடுவில் மாட்டுக்காக அப்பா வெட்டிய குட்டை. இந்தப் பக்கத்தில் அக்டோபர் மாதம் புல் வளர்வதைக் காதால் கேட்கலாம். இங்கே டிசம்பரில் கோடை. நவம்பருக்குள் வெட்டாவிட்டால் தீப்பிடிக்கும் என்று கவுன்சில் நோட்டீஸ் அனுப்பும். டிரெஸைஸ் வீட்டுக்கு இதுவரை அப்படி ஒரு நோட்டீஸ் வந்ததில்லை. நாங்கள் இருக்கும் சாலைக்கே எங்கள் பெயர்தான். ஊர் மன்றத்தில் நுழைந்ததும் வலப்பக்கம் இருக்கும் பித்தளைத் தகடு என் அப்பாவுடையது. பெருந்தீயின்போது பள்ளிக்கூடத்தைக் காப்பாற்றிய தீயணைப்புத் தொண்டர்களுக்கு அவர்தான் தலைவர்.

மூன்று வாரம் விசாரித்தேன். என் குறிப்பேடு இப்போது உங்களிடம் இருக்கிறது, பார்த்திருப்பீர்கள். விலை, எஞ்சின், உதிரிபாகம், வெட்டும் தகட்டின் அகலம், எல்லாவற்றுக்கும் தனித்தனிப் பத்தி. சரிவு என்ற பத்தியின் கீழ் இரண்டு கோடு போட்டிருப்பதை நீங்கள் நேற்று விரலால் தொட்டுக் காட்டினீர்கள். முக்கியமானதற்கு நான் எப்போதும் இரண்டு கோடு போடுவேன். நாற்பது வருடம் ஆசிரியையாக இருந்தவள்.

பாஸ்கோ முதலில் காட்டியது பழைய மாதிரியிலேயே புது வண்டி. விலையும் தோதுதான். கிளெமுக்கு அதுவே போதும் என்றிருந்தது. நான் மூலையில் நின்ற இன்னொன்றைக் கேட்டேன். ஒரு விளையாட்டு மைதானத்தில் மூன்று வருடம் ஓடியது, நின்ற இடத்திலேயே வட்டமாகத் திரும்பக்கூடியது. ஸ்டீயரிங் கிடையாது, இரண்டு கைப்பிடிகள். முன்னால் தள்ளினால் ஓடும், இழுத்தால் நிற்கும். இருக்கைக்குப் பின்னால், கவிழ்ந்தால் ஆளைக் காப்பாற்ற ஓர் இரும்பு வளைவு.

"என்னக்கா, என்னை ரேஸ்ல விடப் போறியா?" என்றான் கிளெம். "அறுபத்தாறு வயசுல எனக்கு எதுக்கு இதெல்லாம்?"

"பாதி நேரத்தில் வேலை முடியும். உன் முதுகுக்கு நல்லது."

"ஸ்டீயரிங் இல்லாத வண்டி, பிடி இல்லாத கப்பு மாதிரி" என்று சிரித்தான்.

"ஒரு வாரம் ஓட்டிப் பாரு கிளெம், அப்புறம் பொண்டாட்டி மாதிரி பழகிரும்" என்றார் பாஸ்கோ.

"அதான் பயமே" என்றான் கிளெம். அவன் விவாகரத்தானவன். எங்கள் குடும்பத்தில் அப்படி ஆனவன் அவன் ஒருவன்தான்.

பிறகு மேவிஸிடம் கால்பந்து இறுதி ஆட்டத்தைப் பற்றிப் பேசக் கல்லாப் பக்கம் போய்விட்டான். அதனால் பாஸ்கோ சொன்னதை நான் மட்டும்தான் கேட்டேன். பாஸ்கோ நேர்மையானவர். அவர் மேல் எந்தக் குறையும் எழுத வேண்டாம்.

"மிஸ் டிரெஸைஸ், ஒண்ணு சொல்லிடறேன். சமதரையில இது ராஜா. சரிவுல மட்டும் விடாதீங்க, அதுவும் ஈரப் புல்லுல. முன்சக்கரம் ரெண்டும் சூப்பர்மார்க்கெட் தள்ளுவண்டிச் சக்கரம் மாதிரி, சும்மா சுத்தும். பின்சக்கரம் வழுக்கிச்சுன்னா திருப்பவும் முடியாது, நிறுத்தவும் முடியாது. பழைய வண்டி ஓட்டினவங்க பதறிப்போயி காலால பிரேக்கைத் தேடுவாங்க. இதுல அங்க ஒண்ணுமே இல்ல."

"அந்த வளைவு?"

"அது நிமிந்து இருக்கணும், பெல்ட்டும் போடணும். மரக்கிளை இடிக்குதுன்னு மடக்கினீங்கன்னா பெல்ட்டைக் கழட்டிரணும், குதிச்சாவது தப்பிக்கலாம். மடக்கி வெச்சுட்டு பெல்ட்டும் போட்டா ஆளு அடியில மாட்டிக்குவாரு. கிளெம்கிட்ட நான் ஒரு வார்த்தை சொல்லிடவா?"

"நானே சொல்லிக்கொள்கிறேன்" என்றேன்.

எல்லாவற்றையும் குறித்துக்கொண்டேன். ஐயாயிரத்துச் சொச்சம் டாலர். அந்த விலைக்கு அதைவிட உறுதியான வண்டி இந்த மாவட்டத்தில் கிடைக்காது. இதை இன்றும் சொல்வேன்.

ஏன் என்று நீங்கள் இன்னும் கேட்கவில்லை. மரியாதை தெரிந்தவர். ஆனால் அதையும் சொல்லாமல் இந்தப் பேச்சு முடியாது.

அம்மா போனபோது கிளெமுக்கு நான்கு வயது, எனக்குப் பதினேழு. அவனுக்குச் செருப்பு மாட்டியதிலிருந்து கையெழுத்துப் பழக்கியது வரை நான். பெருந்தீ வந்த வருடம் அவனுக்குப் பன்னிரண்டு. அன்று வெளியில் தீ மூட்டக்கூடாது, இயந்திரம் வைத்துப் புல் வெட்டக்கூடாது என்று வானொலியில் காலையிலேயே சொன்னார்கள். அப்பா வெட்டினார். சாலையோரப் புல் உயரமாக இருக்கிறதே, தலைவர் வீட்டு முன்னாலேயே இப்படியா என்று அவருக்குக் கூச்சம். டிராக்டரின் பின்னால் இருந்த புல்வெட்டும் தகடு கல்லில் பட்டது. பொறி பறந்ததைக் கிளெம் பார்த்தான். காற்று மேற்கிலிருந்து அடித்தது. பக்கத்துக் கீனன் பண்ணையில் நூற்றுப் பத்து மாடுகளும் கீனனின் தாயாரும் போனார்கள்.

கீனன் அடுப்புச் சாம்பலைக் கொல்லையில் கொட்டினான், அதில் கங்கு இருந்தது என்று ஊர் முடிவு செய்தது. அப்பா அதை மறுக்கவில்லை. அந்தக் கதையைக் கட்டியதும் அவர் இல்லை, மறுக்காமல் இருந்தார், அவ்வளவுதான். கீனன் அடுத்த வருடம் குடும்பத்தோடு வடக்கே போய்விட்டான். தீப்பிடித்த அன்று மாலை கிளெமின் காதிலிருந்து கரியைத் துடைத்தபடி, நீ எதையும் பார்க்கவில்லை என்று நான்தான் அவனிடம் சொன்னேன். அவன் சரி என்றான். ஐம்பத்து நான்கு வருடம் அந்த வார்த்தையைக் காப்பாற்றினான். என்னிடம் சொன்ன வார்த்தையை அவன் மீறியதே இல்லை.

இந்த வருடம் மன்றத்துக்கு நூறு வயது. அக்டோபர் மூன்றாம் ஞாயிறு விழா. அப்பாவைப் பற்றிப் பேசக் கிளெமை அழைத்திருந்தார்கள். ஆகஸ்ட் கடைசியில் ஒருநாள், தட்டில் ஆட்டிறைச்சியை வெட்டிக்கொண்டே சொன்னான்.

"மேடையில சொல்லப் போறேன்க்கா. கீனன் செய்யலைன்னு."

"யாருக்காக?"

"அவரு பொண்ணு நோலா இன்னும் இருக்கா. கடுதாசி போட்டிருந்தேன், விழாவுக்கு வர்றேன்னு பதில் போட்டிருக்கா. எனக்குத் தூக்கம் வந்து எத்தனையோ வருஷமாச்சு."

"மாத்திரை போட்டுக்கொள்."

"அப்பாவைத் திட்ட மாட்டேன்க்கா. வேணும்னு செய்யலைன்னும் சொல்வேன்."

அவனிடம் நான் சண்டை போடவில்லை. எங்கள் வீட்டில் குரல் உயர்வதில்லை. அடுத்த வாரம் பழைய வண்டி நின்றது. என்ன வாங்கலாம் என்று விசாரிக்கத் தொடங்கினேன்.

புது வண்டி வந்த அன்று, வளைவை நிமிர்த்த வேண்டுமா என்று கேட்டான். வீட்டோரம் ஆப்ரிகாட் கிளைகள் தாழ்வாக இருக்கின்றன, காய் பிடிக்கும் நேரத்தில் இடித்துவிடும், மடக்கியே இருக்கட்டும் என்றேன். கிளைகளை வெட்டியிருக்கலாம், அரைமணி நேர வேலை. பிறகு பெல்ட்டைப் பற்றிச் சொன்னேன்.

"ஏறினதும் பெல்ட் போடணும். எனக்கு வாக்குக் கொடு."

"புல்லு வெட்டத்தானேக்கா போறேன், பிளேன்லயா போறேன்?"

"கிளெம்."

"சரி சரி, போடறேன்."

வளைவு மடக்கியிருந்தும் அவர் ஏன் பெல்ட் போட்டிருந்தார் என்று கேட்டீர்கள். இதுதான் பதில். நான் கேட்டுக்கொண்டேன், அவன் போட்டான்.

இரண்டு சனிக்கிழமை சமதரையில் ஓட்டினான். தங்கம்க்கா இது, இத்தனை நாள் எங்கே இருந்தது என்றான். குட்டைக் கரையை மட்டும் வழக்கம்போலத் தோளில் மாட்டும் சின்ன இயந்திரத்தால் கையால்தான் வெட்டுவான். கரை செங்குத்து. நம் ஊரில் யாரும் அங்கே வண்டியை இறக்க மாட்டார்கள்.

விழாவுக்கு முந்தைய வெள்ளிக்கிழமை மறுபடி கேட்டேன். அவனுக்கு ஒரு வாய்ப்புக் கொடுக்க வேண்டும் அல்லவா. முடிவு மாறவில்லையா என்றேன். மாறவில்லை என்றான். கண் தெளிவாக இருந்தது. அவனை அவ்வளவு நிம்மதியாகப் பார்த்து நாளாகிவிட்டது என்று எனக்கே தோன்றியது. அப்படியானால் நாளைக் காலை கரையையும் வெட்டிவிடு, ஞாயிறு விருந்துக்கு வருபவர்கள் அங்கே நின்று பேசுவார்கள், வண்டியிலேயே வெட்டினால் உனக்குச் சுலபம், பாஸ்கோ தாங்கும் என்றார் என்றேன். அந்தக் கடைசி வாக்கியம் பொய். இந்த விஷயத்தில் நான் சொன்ன பொய்களில் அது ஒன்று.

சனிக்கிழமை பனி நன்றாக விழுந்து புல் நனைந்திருந்தது. சமையலறை ஜன்னலிலிருந்து கரை தெரியும். ஞாயிற்றுக்கிழமைக்கு அவனுடைய வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். முதல் சுற்றில் ஒன்றும் ஆகவில்லை. இரண்டாவதில் வண்டி பக்கவாட்டில் இழுத்தது. வலது காலால் அவன் எதையோ மிதித்து மிதித்துத் தேடுவது அங்கிருந்தே தெரிந்தது. பிறகு வண்டி முகம் குப்புறப் போனது. கொஞ்ச நேரம் சக்கரங்கள் தண்ணீருக்கு மேலே சுற்றின.

நான் ஓடவில்லை. எழுபத்தொன்பது வயதில் ஈரப் புல்லில் ஓடுவது ஆபத்து. காலர், இரண்டு கைகள், பொத்தான் பட்டை எல்லாவற்றையும் முடித்தேன், சட்டையை மாட்டினேன், பிறகு ஆம்புலன்சுக்கு அழைத்தேன். அந்தச் சட்டையில்தான் அவனை அடக்கம் செய்தோம். நன்றாகத்தான் இருந்தான்.

நான் தாமதித்தேன் என்று எழுதுங்கள். தெரிந்தே அனுப்பினேன் என்றும் எழுதுங்கள். கிளெமைக் கொன்றது நான், வண்டி அல்ல. அவன் குடித்துவிட்டு ஓட்டினான் என்று பாரில் பேசிக்கொள்கிறார்களாம். அதைக் கேட்ட பிறகுதான் நானாக இங்கே வந்தேன். எங்கள் வீட்டில் யாரும் நண்பகலுக்கு முன் குடித்ததில்லை. அப்பாவைப் பற்றிச் சொன்ன பகுதியை மட்டும் விட்டுவிடுங்கள். அது வழக்குக்குத் தேவைப்படாது. நீங்கள் அதையும் எழுதிக்கொண்டிருப்பது தெரிகிறது. பிறகு அடித்துவிடுவீர்கள் என்று நம்புகிறேன்.

இன்னும் ஒன்று இருக்கிறது. அடக்கம் முடிந்து மன்றத்தில் எல்லோரும் சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தபோது, மேவிஸ் பாஸ்கோ என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"பாவம் கிளெம், அதைச் சொல்லிடணும்னு எவ்வளவு தவிச்சான். விழாக் கமிட்டியில வந்து முன்னாடியே சொன்னானே. சொல்லுப்பா, எங்களுக்குத் தெரிஞ்சதுதானேன்னோம். எங்க மாமனார் அன்னிக்கு ரோட்டோரம் உங்கப்பா டிராக்டரைப் பாத்திருக்காரு. ஊருல யாருக்குத் தெரியாது மிஸ் டிரெஸைஸ்? உங்க மனசு நோகக் கூடாதுன்னுதான் இத்தனை வருஷமா யாரும் வாயைத் திறக்கல."

நான் கையை விடுவித்துக்கொண்டேன். அவளுக்குத் துக்கம், ஏதோ பேசுகிறாள் என்று விட்டுவிட்டேன். இப்போது வேறு சிலரும் அதையே சொல்கிறார்கள் என்று கேள்வி. ஆகவே இதைத் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள். ஊருக்கு ஐம்பத்து நான்கு வருடமாகத் தெரியும் என்பது வெறும் வதந்தி. யாருக்கும் தெரியாது. தெரிந்தது இரண்டு பேருக்கு. இப்போது ஒருவருக்கு.