தட்டியவர் ஷஃபியுல்லா பாய், வாசித்தவன் நான்

இந்த இரங்கல் கூட்டத்திற்குத் தலைமை ஏற்றிருக்கும் அரிசி ஆலை உரிமையாளர் மணவாளன் அவர்களே, மேடையில் அமர்ந்திருக்கும் தொழிற்சங்கச் செயலாளர் அன்புசெல்வன் அவர்களே, பழவேற்காட்டிலிருந்து வந்திருக்கும் ஷஃபியுல்லா பாயின் மகள் மாஹிரா, மகன் யாசர் ஆகியோரே, ஷிஃப்ட் முடிந்து சீருடையைக்கூட மாற்றாமல் வந்து அமர்ந்திருக்கும் சகோதரிகளே, சகோதரர்களே, உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

எனக்கு மேடைப் பழக்கம் கிடையாது. திருவள்ளூர் நீதிமன்றத்தில் சிரஸ்தாராக, அதாவது தலைமை எழுத்தராக, இருந்து ஓய்வு பெற்றவன் நான். பிறர் எழுதியதை உரக்க வாசிப்பதுதான் என் தொழிலாக இருந்தது. இன்றைக்கு நானே எழுதியதை வாசிக்கிறேன். சரியாக எழுதியிருக்கிறேனா என்று தெரியவில்லை.

தலைவர் அவர்கள் சற்று முன் ஒன்று சொன்னார். "பாய் போய்ட்டாரேன்னு யாரும் கவலப்படாதீங்க. சார் கீறாரு. மீதி ஏழு கம்ப்யூட்டர் பொட்டியையும் இந்த மாசத்துக்குள்ள சார் முடிச்சுக் குடுத்துடுவாரு!" நீங்கள் கை தட்டினீர்கள். அந்தச் சத்தம் அடங்குவதற்குள் மைக் என் கைக்கு வந்துவிட்டது. தப்பிக்க வழியில்லாமல்தான் இங்கே நிற்கிறேன்.

யார் இந்த ஷஃபியுல்லா பாய்? பழவேற்காட்டில் கருவாட்டு வியாபாரிகள் வீட்டுப் பிள்ளை. கும்மிடிப்பூண்டியில் ஒரு தொழிற்சாலையில் மின்பராமரிப்புப் பிரிவில் வேலை பார்த்தவர். அந்தத் தொழிற்சாலை மூடப்பட்டபோது, ஓரமாகக் குவித்து வைத்திருந்த பதினெட்டுப் பழைய கணினிகளைப் பார்த்து, "இதெல்லாம் இன்னும் உசிரோடதான் கீது" என்று சொன்ன ஒரே மனிதர்! கெஞ்சிக் கேட்டார். தொழிலாளர்களுக்குக் கணினிப் பயிற்சி கொடுக்க என்றால் தருகிறோம், ஆனால் ஒரு வருடம் கழித்து வந்து பார்ப்போம், ஓடாததெல்லாம் பழைய இரும்பு லாரியில் ஏறிவிடும் என்று நிபந்தனை போட்டுக் கொடுத்தார்கள். அந்தத் தவணை இந்த மாதக் கடைசியில் முடிகிறது.

புதிய விண்டோஸைத் தாங்கும் வலு அந்தப் பெட்டிகளுக்கு இல்லை. அதனால் அவற்றில் லினக்ஸைப் போட்டார் பாய். அதிலும் அடிப்படையை மட்டும். படம் கிடையாது, மவுஸ் கிடையாது. கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து, அவ்வளவுதான். இந்தக் கூடத்தை இலவசமாகக் கொடுத்த நம் தலைவர் முதல் முறையாக வந்து பார்த்துவிட்டுக் கேட்டது எனக்கு நினைவிருக்கிறது. அவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

"இன்னா பாய், கரண்ட்டு போன டிவி மாதிரி கீது? படமே வராதா?"

"படம் வந்தா பொட்டி படுத்துக்கும் நைனா. எழுத்து மட்டும் வரட்டும்."

"எழுத்தப் படிக்கிறதுக்கு நான் இன்னா வாத்தியாரா?"

"நீங்க படிக்க வாணாம். டைப்படிக்க வர்ற பொண்ணுங்க படிக்கும்."

படித்தார்களா, இல்லையா? ஓர் ஆலையின் பேக்கிங் பிரிவில் நாளெல்லாம் நின்றுகொண்டே வேலை செய்த தமிழ்செல்வி இன்று அதே ஆலையின் அலுவலகத்தில் உட்கார்ந்து வேலை செய்கிறார். அவர் கற்றது எந்தத் திரையில்? படம் வராத அந்தத் திரையில்தான்! அவரைப் பார்த்து அடுத்த அணிக்குப் பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருக்கும் பெண்கள் இதோ முன்வரிசையில் இருக்கிறார்கள். மீதமுள்ள ஏழு பெட்டிகளும் ஓடினால் அவர்களுக்கு இடம் உண்டு. ஓடாவிட்டால் லாரி வரும்.

இனி நான் சொல்லப்போவதை, நேற்று பழவேற்காடு சென்று பாயின் துணைவியார் பரீதா அம்மாவிடம் அனுமதி கேட்டுக்கொண்டுதான் சொல்கிறேன். கணவரை இழந்த பெண் வெளியாரைப் பார்க்காமல் தனித்திருக்கும் இத்தா காலம் என்பதால் அவர் திரைக்குப் பின்னால் இருந்தபடியே பேசினார். "சொல்லுங்க சார். இனிமே மறைச்சு இன்னா ஆவப்போவுது? அவரு பேரு அவருக்கே போய்ச் சேரட்டும்" என்றார்.

நண்பர்களே, ஷஃபியுல்லா பாய்க்குக் கண் தெரியவில்லை.

சர்க்கரை நோய் அவர் பார்வையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிட்டது. ஆள் அசைவது தெரியும், எழுத்து தெரியாது. நான் ஒரு விண்ணப்பம் தட்டச்சு செய்ய இந்தக் கூடத்திற்கு வந்த அன்று, மூக்கு திரையில் இடிக்க உட்கார்ந்திருந்தார்.

"சார், இங்கிலீஷ் படிப்பீங்களா?"

"படிப்பேன். ஆனால் இது எனக்குப் புரியாதே."

"புரிய வாணாம். சத்தமா படிங்க, போதும்."

அன்றிலிருந்து அதுதான் எங்கள் வேலைமுறை. ஒரு பெட்டி எடுப்பார். மூடியைக் கழற்றுவார். உள்ளே இருக்கும் அட்டைகளை விரலால் தடவிப் பார்ப்பார். இது இன்ன கார்டு, நினைவகம் இவ்வளவுதான் என்று தனக்குள் சொல்லிக்கொள்வார். பிறகு ஃப்ளாப்பியைப் போட்டுத் தொடங்குவார். திரை கேள்வி கேட்கும். நான் வாசிப்பேன். அவர் தட்டுவார். வன்வட்டை எப்படிப் பிரிப்பது, எதை ஏற்றுவது, எதை விடுவது என்று ஒவ்வொரு பெட்டிக்கும் பதில் வேறு. அந்தப் பதில்களை விரல் நுனியில் வைத்திருந்தவர் அவர்.

கடவுச்சொல் கேட்கும் இடம் ஒன்று வரும். அங்கே எதைத் தட்டினாலும் திரையில் ஒரு புள்ளிகூட விழாது. முதல் தடவை நான் பயந்துபோனேன். "பாய், எதுவுமே தெரியவில்லையே!" என்றேன். "இப்பதான் சார் நாம ரெண்டு பேரும் ஒண்ணு" என்று சொல்லிச் சிரித்தார்.

இப்போது உங்களையே கேட்கிறேன். சன்னல் வழியாக எங்களைப் பார்த்தவர்கள் என்ன பார்த்தீர்கள்? கண்ணாடி போட்ட ஒரு கிழவர் திரையைப் பார்த்து ஆங்கிலத்தில் ஏதோ கட்டளை இடுகிறார். பாய் தலை குனிந்து தட்டிக்கொண்டிருக்கிறார். பெரியவர் சொல்லச் சொல்ல பாய் செய்கிறார் என்று எடுத்துக்கொண்டீர்கள். டீக்கடைக்கார அப்பாவு என் முகத்துக்கு நேரே, "சார் மூள, பாய் கை" என்றார். நான் மறுக்க வாயெடுத்தேன். பாய் என் காலை மிதித்தார். வெளியே வந்ததும், "கண்ணு இல்லாதவன் கைல பொட்டி குடுத்தோமான்னு கம்பெனிக்காரனுக்குப் பேஜாராயிடும் சார். அப்டியே நெனச்சுக்கினு போவட்டும்" என்றார். பெட்டிகளைக் காப்பாற்றத் தன் பெயரை என் பக்கம் தள்ளிவிட்டுப் போன மனிதரை என்னவென்று புகழ்வது! எங்கே போனீர்கள் பாய், என்னை இந்தப் பெயருக்குள் பூட்டிவிட்டு?

போன வாரம் சாவியை வாங்கிக்கொண்டு தனியாக வந்தேன். பன்னிரண்டாவது பெட்டி. தொடங்கினேன். கேள்வி வந்தது. பழக்கத்தில் உரக்க வாசித்தேன். 'வன்வட்டில் உள்ளதெல்லாம் அழிந்துவிடும், தொடரலாமா?' யார் பதில் சொல்வது? காலி நாற்காலி. இந்தக் கேள்வி எனக்கு மனப்பாடம். இதற்கு முன் அவர் எதைச் சரிபார்த்தார், எங்கே எந்த எண்ணை மாற்றினார் என்பது தெரியாது. விரலை விசை மேல் வைத்தபடியே உட்கார்ந்திருந்தேன். மின்சாரம் நின்று திரை அணைந்த பிறகுதான் கையை எடுத்தேன்.

பின்னாலிருந்து யாரோ, "சார் தன்னடக்கமா பேசுறாரு" என்கிறீர்கள். இல்லை ஐயா! அடக்கமாக இருக்க என்னிடம் என்ன இருக்கிறது? நான் வாசித்தவன் மட்டுமே.

இப்படிப்பட்ட கூட்டத்தில் பேசுகிறவர், மறைந்தவரின் பணியைத் தொடர்வோம் என்று உறுதி கூறி முடிக்க வேண்டும். அதைச் சொல்லிவிட்டு நான் இறங்கிவிடலாம். நீங்கள் கை தட்டுவீர்கள். மாதக் கடைசியில் லாரி வந்து நிற்கும். முன்வரிசையில் இருக்கும் இந்தப் பெண்களின் முகத்தை அன்றைக்கு யார் பார்ப்பது?

ஆகவே என்னால் எது முடியுமோ அதை மட்டும் உறுதி கூறுகிறேன். நாளை முதல் தினமும் காலையில் இந்தக் கூடத்திற்கு வருவேன். திரையில் வருவதை ஓர் எழுத்து விடாமல் வாசிப்பேன். தப்பாகப் போனால் முதலிலிருந்து வாசிப்பேன். எத்தனை முறை ஆனாலும் வாசிப்பேன்.

ஆனால் பக்கத்து நாற்காலியில் ஓர் ஆள் வேண்டும். பாயோடு மின்பராமரிப்பில் வேலை பார்த்தவர்கள் இந்தக் கூட்டத்தில் இருக்கிறீர்கள். தினமும் மின்பலகையைத் திறந்து உள்ளே கை விடுகிறவர்கள் இருக்கிறீர்கள். அவரிடம் பாடம் கேட்டவர்களும் இருக்கிறீர்கள். உங்களுக்கும் எல்லாம் தெரியாது என்று எனக்குத் தெரியும். தொட்டுப் பார்க்கும் துணிச்சல் போதும். அது என்னிடம் இல்லை, உங்களில் ஒருவரிடம் இருக்கும்.

தலைவர் அவர்களே, அஞ்சலி செலுத்த எல்லோரையும் எழுந்து நிற்கச் சொல்லப் போகிறீர்கள். தயவுசெய்து சற்றுப் பொறுங்கள். எல்லோரும் எழுந்துவிட்டால் யார் எழுந்தார்கள் என்று எனக்குத் தெரியாமல் போய்விடும். மைக்கை நான் இன்னும் தரவில்லை. முதலில் ஒருவர் எழுந்திருக்கட்டும்.

காத்திருக்கிறேன்.