இருபத்தெட்டிலிருந்து எழுபதுக்கு

தேநீர் ஆறிவிட்டது, பரவாயில்லை சார், நான் ஆறியதைக் குடித்தே பழகியவன். பதினோரு வருடமாக நுரையீரல் வார்டில் மூச்சு இயந்திரங்களைப் பார்த்துக்கொள்கிறேன். சூடாகக் குடிக்கிற கொடுப்பினை எங்கே?

நாள்பட்ட நுரையீரல் நோய்க்காரர்களுக்குத் திடீரென்று மூச்சிரைப்பு முற்றினால், சூடும் ஈரமுமான காற்றை மூக்கு வழியாக வேகமாகச் செலுத்துவோம். அதற்குப் பழைய இயந்திரம், புதிய இயந்திரம் என்று இரண்டு வகை வைத்திருந்தோம். எது நல்லது என்று அறுபது பேரை வைத்து ஒப்பிடச் சொன்னார் பெரிய டாக்டர். யாருக்கு எது என்பது குலுக்கிப் போட்டு ஒட்டிய உறைக்குள் இருக்கும். பழையது மாவு மில் மாதிரி இரையும். புதியது இருக்கிற இடமே தெரியாது. எனக்கு முதல் நாளே விடை தெரிந்துவிட்டது.

ஆனால் ஐம்பத்தொன்பது பேர் முடிந்தபோது இரண்டு பக்கமும் ஏழேழு பேர் இறந்திருந்தார்கள். "ரெண்டும் ஒண்ணுன்னா பழசே போதும்பா, புதுசைத் திருப்பி அனுப்பிடலாம்" என்றார் டாக்டர். புதியதை அனுப்ப எனக்கு மனசே வரவில்லை.

அறுபதாவது ஆள் ஒரு தையல்காரர். உறையில் பழையது வந்தது. மூன்றாம் நாளே எழுந்து உட்கார்ந்து, என் சட்டையைப் பார்த்து, "இந்தச் சட்டையை எவன் தம்பி தைச்சான், உங்க மேல கோபமா இருந்திருப்பான் போல" என்றார். நானும் சிரித்தேன். மறுநாள் வீட்டுக்குப் போவதாக இருந்தது.

இந்த நோய்க்கு ஆக்சிஜனை அளந்துதான் கொடுக்க வேண்டும். கூடிப்போனால் உடம்பில் கெட்ட காற்று தேங்கி, தூக்கம் மாதிரி மயக்கம் வரும். அன்று பகல் பார்வையாளர் நேரத்தில், இருபத்தெட்டு சதவீதத்தில் இருந்த ஆக்சிஜன் குமிழை எழுபதுக்குத் திருப்பினேன். அவர் விரலில் மாட்டிய, ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று காட்டும் கருவி தொண்ணூற்றொன்பது காட்டியது. அவர் மனைவிக்கு முகமெல்லாம் மலர்ச்சி.

"இத்தனை நாளா தொண்ணூறைத் தாண்டலையே தம்பி. எல்லாம் உங்க கைராசி."

"அசதியா இருப்பாரும்மா. நல்லா தூங்கட்டும், எழுப்பாதீங்க."

அந்தம்மா எழுப்பவில்லை. மூன்று மணி நேரம் காலைப் பிடித்துவிட்டபடி உட்கார்ந்திருந்தார். பக்கத்துப் படுக்கைக்காரரிடம் மெதுவாகப் பேசச் சொல்லிக் கெஞ்சினார். எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. நான் ஒன்றும் கல்நெஞ்சக்காரன் இல்லை. நான்கு மணிக்குக் குமிழைப் பழையபடி இருபத்தெட்டுக்குக் கொண்டுவந்தேன். அவர் எழுந்திருக்கவில்லை. பழையதில் எட்டு, புதியதில் ஏழு என்றானது.

பழைய இயந்திரம்தானே, எதையும் பதிந்து வைக்காது என்று அலட்சியமாக இருந்துவிட்டேன். ஒவ்வொரு தடவை திருப்பியதையும் நேரத்தோடு வைத்திருக்கிறது. மறைக்க ஒன்றுமில்லை. அவரைக் கொன்றது நான்தான். அவருக்கு முன்னால் பழையதில் இறந்த ஏழு பேரில் நான்கு பேருக்கும் அப்படித்தான் செய்தேன்.

அந்த நால்வரையும் இவரையும் கழித்தால் பழையதில் மூன்று, புதியதில் ஏழு என்று மனசுக்குள் கணக்குப் போடுகிறீர்கள், முகத்திலேயே தெரிகிறது. அப்படிப் பார்க்கக் கூடாது சார். புதியதுதான் நல்லது.