நேரான கோடு

காப்பி நன்றாகவே இருக்கிறது. இன்னும் கொஞ்சம் ஊற்றினால் நிதானமாகச் சொல்லிவிடுவேன்.

டுவேன் ஃப்ளூகர் மேல் எனக்குப் பொறாமை என்று எங்கள் விமானக் கழகத்தில் பேசிக்கொள்கிறார்களாம். பால் லாரி ஓட்டுகிறவன் மேல் எனக்கென்ன பொறாமை? நான் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவன். ஷெட்டில் சொந்தமாக ஒரு விமானம் கட்டுகிறேன். தகடுகளை இணைக்கும் ரிவெட் ஆணி ஒன்று கோணலாக விழுந்தாலும் தகட்டையே தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி ஆரம்பிப்பேன். அதனால் நாளாகிறது.

பக்கத்து வீட்டு டுவேனும் அதே விமானத்தைப் பெட்டி பெட்டியாக வரவழைத்துக் கராஜில் கட்ட ஆரம்பித்தான். பக்கத்தில் பீர், ரேடியோவில் பேஸ்பால். ரிவெட்டின் மறுமுனையில் இரும்புக் கட்டியை அழுத்திப் பிடிப்பது அவன் மனைவி ஜோலீன். இருவரும் சிரித்துக்கொண்டே அடிப்பார்கள். சிரித்துக்கொண்டே செய்கிற வேலை எந்த லட்சணத்தில் இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. மூன்றாவது கோடையில் வாலை மூடுவதைத் தவிர எல்லாவற்றையும் முடித்துவிட்டான்.

கழகத்து வெள்ளிக்கிழமை மீன் விருந்தில் என்னைக் கைகாட்டிக்கொண்டு எழுந்து நின்றான். "நம்ம மெர்ல் ப்ளேனுக்கு இந்த வருஷம் ஓட்டுப் போடுற வயசுப்பா. ஷெட்ட விட்டு வெளிய வந்தாத்தானே போட முடியும்" என்றான். மேசை குலுங்கச் சிரித்தார்கள். ஜோலீன் மட்டும் சிரிக்கவில்லை. "விடுங்க, பாவம் அவரு" என்றாள். அவன் சொன்னதைக் கூடப் பொறுத்துக்கொண்டேன்.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. நட்டை முறுக்கி முடித்ததும் அதன் மேலும் போல்ட்டின் மேலும் சேர்த்து ஆரஞ்சு வண்ணத்தில் ஒரு கோடு இழுப்போம். கோடு முறியாமல் இருந்தால் நட்டு அசையவில்லை என்று அர்த்தம். அப்புறம் யாரும் அதைத் தொட மாட்டார்கள். இன்னொரு வழக்கம், ஒரு பகுதியை மூடுவதற்கு முன்னால் வேறொருவரைக் கூப்பிட்டுக் காட்டுவது.

டுவேன் என்னைக் கூப்பிட்டான். "வால மூடப் போறேன் மெர்ல். உன் கண்ணுக்கு எதுவும் தப்பாது. ஒரு தடவ பாத்துரு. நீ சரின்னுட்டா நான் மறுபடி கைய வைக்கவே மாட்டேன்" என்றான். பிறகு அடுப்பில் சாசேஜ் கருகுகிறது என்று வீட்டுக்குள் ஓடினான். அதுதான் டுவேன்.

வாலுக்குள் தலையை விட்டு ஒவ்வொரு ரிவெட்டாகப் பார்த்தேன். நேரம் எடுத்துத்தான் பார்த்தேன். அவன் சாசேஜைத் தட்டில் வைத்து எடுத்து வந்து, "என்னப்பா, தேறுமா?" என்றான். தேறும் என்றேன். என் தோளைத் தட்டினான். கண் கலங்கியிருந்தது. "சோதனையெல்லாம் முடிஞ்சதும் ஜோலீனத்தான் மொதல்ல கூட்டிட்டுப் போகணும்" என்றான். சாசேஜுக்குத் தொட்டுக்கொள்ளும் கடுகுச் சாந்து என் சட்டையில் சிந்தியது.

முதல் தடவை தனியாகத்தான் பறந்தான். ஓடுபாதையைத் தாண்டி மக்காச்சோளக் கொல்லைக்கு மேலே போனதும் விமானம் மூக்கைக் கவிழ்த்துத் தரையில் மோதியது. ஜோலீன் கைதட்டிக்கொண்டிருந்தாள். நிறுத்த அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

விபத்தை விசாரிக்க வந்ததும், மூக்கை ஏற்றி இறக்கும் வால் தண்டில் கிடைத்ததென்று ஒரு நட்டைக் காட்டினீர்களே, அதிலிருக்கும் கோடு எவ்வளவு நேராக இருக்கிறது, பார்த்தீர்களா? டுவேன் பிறந்ததிலிருந்து நேராக ஒரு கோடு போட்டவனில்லை. அது என்னுடையது. அதை அவன் பெயரில் எழுத நான் விட மாட்டேன்.

இன்னொன்றையும் எழுதிக்கொள்ளுங்கள். அன்று அந்த வாலில் ஒரு குறை கூட இல்லை. விளக்கை மாற்றிப் பிடித்துத் தேடினேன். ஒன்று கூட இல்லை. அப்படி இருக்க முடியாதல்லவா? அதனால் அந்த நட்டைக் கடைசிப் புரி வரை தளர்த்தி, அவனுடைய கோணல் கோட்டைத் துடைத்துவிட்டு, புதிதாக ஒன்று இழுத்தேன்.

பறப்பதற்கு முன்னால் அவன் ஒரு தடவை ஸ்பானரை வைத்துப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. அவன் வேலை அப்படித்தான் இருக்கும் என்று ஆரம்பத்திலேயே சொன்னேனே.