ஈடு வைக்காத பாதாளக் கரண்டி

பொழுது பட்டு, எதிரில் வருகிறவரின் முகம் தெரியாத நேரம். உடுவிலில் இருந்து தோட்டங்களுக்குள்ளால் இணுவில் பக்கம் போகிற மண் ஒழுங்கை. இரண்டு பக்கமும் புகையிலை. வீடு என்று சொல்ல ஒன்றும் இல்லை... நடுவழியில் ஒரு கிணறு, அதன் பக்கத்தில் ஒரு பூவரசு. அவ்வளவுதான்.

கிட்ட வந்து இருங்கள். கதவு சாத்தியாயிற்றா? சரி.

என் சிநேகிதி பாலேஸ்வரியின் சின்ன மாமன் மார்க்கண்டு அந்த ஒழுங்கையால் வந்துகொண்டிருந்தான். தொண்ணூற்றோராம் ஆண்டு. கரண்ட் இல்லை, மண்ணெண்ணெய் இல்லை, ஊர் முழுக்க இருட்டு. வேறொரு தோட்டத்தில் தூர் எடுத்துவிட்டு வருகிறான். தோளில் கயிற்றுச் சுருள். அதை மட்டும் மறக்க வேண்டாம்... தோளில் கயிறு இருந்தது.

பூவரசடியில் ஒரு சைக்கிள் சாத்தியிருந்தது. கிட்டப் போய்த் தடவிப் பார்த்தான். மணியில் கட்டிய ஒரு துண்டு நாடா. யாருடைய சைக்கிள் என்று தெரிந்துவிட்டது.

அப்போதுதான் கிணற்றுக்குள் இருந்து அந்தக் குரல்...

"கயிறு... ஆராவது கயிறு..."

இவ்விடத்தில் நிறுத்தி, மார்க்கண்டு யார் என்று சொல்ல வேண்டும்.

கிணறு இறங்குகிறவன். எங்கள் பக்கத்துக் கிணறுகள் தெரியும்தானே, சுண்ணாம்புக் கல்லைக் குடைந்து வெட்டியவை. எண்பத்தேழு ஐப்பசியில் ஷெல்லடிக்குப் பயந்து இருட்டில் ஓடிய சனம், சுற்றுக்கட்டுத் தாழ்ந்த தோட்டக் கிணறுகளுக்குள் விழுந்தது. விழுந்த இடமெல்லாம் மார்க்கண்டு இறங்கினான். மேலே ஷெல் கூவும், கீழே இவன் மூச்சைப் பிடித்துச் சுழியோடுவான். "நீ மனிசன் இல்லையடா, தெய்வம்" என்று கையைப் பிடித்து அழுதவர்கள் உண்டு. இன்றைக்கும் அவன் பெயருக்கு அர்ச்சனை செய்கிற வீடுகள் இருக்கின்றன.

பூரணம் என்ற பெட்டை விழுந்ததும் இதே கிணற்றில்தான். தாயோடு ஓடி வந்தவள். தாய் ஒழுங்கையிலேயே ஷெல் பட்டுப் போய்விட்டாள், இவள் கிணற்றுக்குள். மார்க்கண்டு இரண்டு தரம் சுழியோடியும் கையில் தட்டுப்படவில்லை. ஏறி, பராசக்தி வீட்டுக்கு ஓடினான். ஊரில் பாதாளக் கரண்டி இருந்தது அந்த ஒரு வீட்டில்தான். வாளி விழுந்தால் எடுக்கிற, சுற்றிவரக் கொளுக்கி வைத்த இரும்பு. அதற்கு ஒரு வழக்கம் உண்டு. இரவல் கொண்டுபோகிறவர்கள் தங்கள் வீட்டுச் செம்போ சட்டியோ ஒன்றை அது தொங்குகிற ஆணியடியில் ஈடாக வைத்துவிட்டுத்தான் எடுக்க வேண்டும்.

"செம்பொண்டு வைச்சிட்டு எடடா!" பங்கர்க் குழிக்குள் இருந்து பராசக்தி கத்தினாள்.

"ஆள் சாகுது, அக்கா!"

"ஈடு வைக்காமல் எடுத்தால் அது தன்ரை ஈட்டைத் தானே எடுக்குமடா!"

அவன் நின்று கேட்கவில்லை. கரண்டி பூரணத்தின் பாவாடைக் கொய்யக மடிப்பில் கொளுவியது. மேலே எடுத்தபோது மூச்சில்லை. குப்புறப் போட்டு அமத்தினான், அமத்தினான்... எல்லாரும் "விடு மார்க்கண்டு, முடிஞ்சுது" என்ற பிறகும் அமத்தினான். தண்ணீரைக் கக்கிக்கொண்டு அவள் கண் திறந்தாள். திறந்ததும் பார்த்தது அவன் முகத்தை.

தை மாதம் கலியாணம்.

"மார்க்கண்டண்ணை வாளிதான் எடுப்பார் எண்டு பாத்தால் பொம்பிளையுமெல்லோ எடுத்திட்டார்" என்று ஊர் சிரித்தது. முறைப்படி பூரணத்தைக் கட்ட வேண்டியவன் தியாகராசா, அவளுடைய மாமி மகன். கொழும்பில் நின்றவன், கலியாணத்துக்குத்தான் வந்து சேர்ந்தான். பந்தியில் இருந்தபடி அவனும் பகிடி விட்டான்: "என்ன அண்ணை செய்யிறது, எனக்கு நீந்தத் தெரியாது. அதுதான் கை தவறிப்போச்சு!"

பந்தி முழுக்கச் சிரித்தது. மார்க்கண்டுவின் வாயில் சோறு அப்படியே நின்றது.

அன்றைக்குத் தொடங்கியது. இரவில் கனவு. கூரையைப் பிரித்துக்கொண்டு பாதாளக் கரண்டி இறங்கும். பாயில் கிடக்கிற பூரணத்தின் கூந்தலில் கொளுவும். மெல்ல... மெல்ல மேலே இழுக்கும். கயிற்றின் அந்தப் பக்கம் யார் பிடித்திருக்கிறார்கள் என்று பார்ப்பான். தியாகராசா! விழித்து, அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வான். விடிய அவள் கையில் விரல் அடையாளம் நீலமாக இருக்கும்.

"இஞ்சருங்கோ, நான் எங்கை ஓடப்போறன்? பக்கத்திலைதானே கிடக்கிறன்."

"ஈடு வைக்காமல் எடுத்த ஆள் நீ. ஆராவது வந்து கேட்பினம்."

"அப்ப ஒரு செம்பைக் கொண்டுபோய் வையுங்கோவன், உங்கடை பயம் தீரும்."

போனான். பராசக்தி தலையை ஆட்டினாள். "நீ வைச்சுச் சரிவராது, தம்பி. ஆரை எடுத்ததோ, அவளின்ரை வீட்டுச் சாமான் வைக்கோணும்." பூரணத்தின் வீடுதான் ஷெல்லில் தரைமட்டமாகிவிட்டதே. எங்கே போவது? திரும்பி வந்து, பராசக்தி சொன்னதைப் பூரணத்திடம் சொன்னான். பூரணம் அதை மனதில் போட்டுக்கொண்டாள்.

பாதைகள் அடைபட்ட காலத்தில் தியாகராசா கிளாலிக் கடலால் போய்ச் சாமான் கொண்டுவந்து விற்றான். ஒருநாள் மார்க்கண்டு வீட்டுக்கு வர, பூரணத்தின் கழுத்தில் ஒரு வாசம். சாம்பலும் பனங்காயும் போட்டுத் துணி தோய்த்த அந்த நாளில்... மல்லிகை வாசம்.

"உது என்ன மணம்?"

"சவுக்காரம். தியாகு மச்சான் கொண்டந்தவர். மாமிக்கு ரெண்டு, எனக்கொண்டு."

"எனக்கு?"

"என்ரையிலை பூசுங்கோவன். மல்லிகை மணத்தோடை கிணத்துக்கை இறங்கினால் மீனெல்லாம் மயங்கும்!"

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அவன் சவுக்காரத்தை எடுத்துக்கொண்டுபோய் அடுப்புக்குள் போட்டான். அது எரியவில்லை, உருகி நுரைத்தது. வீடு முழுக்க அந்த வாசம். அதற்குப் பிறகு அவளை இணுவில் கோயிலுக்கும் விடவில்லை.

"ஏனப்பா, முருகன்ரை சந்நிதியிலையும் ஆரேன் என்னைக் கொளுவி இழுப்பினமே?"

"வாயை மூடு."

பிறகு ஒரு பின்னேரம், வேலிக்கு இந்தப் பக்கம் நின்ற அவன் காதில் விழுந்தது. அந்தப் பக்கம் தியாகராசாவின் சைக்கிள் சில்லு சுற்றி நிற்கிற சத்தம். பூரணத்தின் குரல், தணிந்து:

"அவருக்குத் தெரியப்படாது, மச்சான். நாளைக்கு... இருட்டினாப்போலை. கிணத்தடியிலை."

அவன் உள்ளே போய் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்... சரி, கேட்கவில்லை. அடுத்த நாள்தான் நான் முதலில் சொன்ன அந்தப் பொழுது.

"கயிறு... ஆராவது கயிறு..."

கரகரத்த, தடித்த குரல். ஆம்பிளைக் குரல். பூவரசில் தியாகராசாவின் சைக்கிள். நீந்தத் தெரியாதவன்.

கிணறு இறங்குகிறவர்களுக்குத் தெரிந்த சங்கதி ஒன்று உண்டு. ஆழக் கிணற்றுக்குள் இருந்து யார் கூப்பிட்டாலும், குழந்தை என்றாலும் கிழவி என்றாலும், கல்லில் மோதி மேலே வரும்போது அது தடித்த குரலாகத்தான் வரும். குரலை நம்பி ஆளைச் சொல்லக்கூடாது என்று ஊருக்கே சொல்லிக்கொடுத்தவன் மார்க்கண்டு. அன்றைக்கு அது அவனுக்கு ஞாபகம் வரவில்லை. வந்ததெல்லாம் ஒன்றுதான். ஈடு... ஈடு தானாகவே வந்து விழுந்திருக்கிறது. இனிப் பூரணத்தை யாரும் கேட்க மாட்டார்கள்.

கயிற்றைத் தோளில் இருந்து இறக்கினான். மடியில் வைத்தான். கட்டுக்கு இந்தப் பக்கம், எட்டிப் பார்க்காமல் குந்தியிருந்தான். கீழே தண்ணீர் அடிபடுகிற சத்தம்... சளக்... சளக்... பாசி மணம். கல்லில் நகம் பிறாண்டுகிற சத்தம். பிறகு அதுவும் ஓய்ந்தது. ஒரு குமிழி வந்து உடைந்தது போலிருந்தது.

எழும்பினான். அத்தனை வருடத்தில் முதல்தரமாக நெஞ்சு லேசாக இருந்தது.

வீட்டில் விளக்கில்லை. குசினிப் பக்கம் வளையல் சத்தம்.

"ஏன் விளக்குக் கொளுத்தேல்லை?"

"எண்ணெய் முடிஞ்சுது." பூரணத்தின் குரல். கொஞ்சம் தடிமன் பிடித்துத் தொண்டை கட்டியதுபோல. "ஏன் சுணங்கினனீங்கள்?"

"வேலை."

இருட்டிலேயே புட்டுப் போட்டாள். கை பட்டது... சில்லென்றிருந்தது. மழைக்காலம்தானே என்று நினைத்தான்.

"கிணத்தடியிலை ஆரோ கூப்பிட்ட மாதிரிக் கிடந்துது. உங்களுக்குக் கேக்கேல்லையே?"

"இல்லை."

"கயிறு, கயிறு எண்டு."

"காத்தாயிருக்கும்."

எங்கோ தண்ணீர் சொட்டியது.

"கேட்டிருந்தால் கயிறு விட்டிருப்பியள், என்ன?"

"ஓம். விட்டிருப்பன்."

புட்டு தொண்டையில் சிக்கி விக்கினான். அவள் தண்ணீர் நீட்டினாள். செம்பு. இருட்டில் அண்ணாந்து குடிக்கத் தோன்றவில்லை, வாயை வைத்துக் குடித்தான். விளிம்பில் ஒரு வெடிப்பு. கீழ் உதட்டில் வெட்டியது. இரத்தம் உப்புக் கரித்தது. தண்ணீரில் பாசி மணம். தன் வீட்டில் ஏது வெடித்த செம்பு என்று ஒரு நினைவு வந்து போயிற்று. அவ்வளவுதான். அன்றிரவு அவள் மணிக்கட்டை அவன் பிடிக்கவில்லை. அப்படி ஒரு நித்திரை.

விடிய, படலையடியில் சத்தம். "மார்க்கண்டண்ணை! கெதியா வாங்கோ! தோட்டக் கிணத்துக்கை ஆரோ விழுந்து கிடக்கினம்!"

பக்கத்தில் பூரணம் இல்லை. அவள் படுத்திருந்த பாய், பிழிந்தால் தண்ணீர் வரும்போல ஈரம். கதவின் கொண்டி உள்ளே போட்டபடி இருந்தது. அவன் அதைக் கவனித்தும் கவனிக்காமலும் திறந்துகொண்டு ஓடினான். முகத்தைத் துக்கமாக வைத்துக்கொண்டான்.

கிணற்றைச் சுற்றிச் சனம். பராசக்தி பாதாளக் கரண்டியைத் தானே கொண்டுவந்திருந்தாள். "இந்தா, பிடி. பிரேதம் எடுக்க ஈடு கேக்கிறேல்லை."

கரண்டியை வாங்கித் திரும்பினான். பூவரசடியில், சைக்கிளைப் பிடித்துக்கொண்டு, தியாகராசா நின்றான்.

உயிரோடு.

"என்ன அண்ணை, பேயைப் பாத்த மாதிரிப் பாக்கிறியள்? நேற்று இதிலை செயின் அறுந்துபோச்சு. விட்டிட்டு நடந்தனான்." பிறகு குரலைத் தாழ்த்தினான். "மச்சாள் எங்கை? செம்பை எடுத்திட்டாவே?"

"என்ன... செம்பு?"

"உங்களுக்குச் சொல்லக்கூடாது எண்டவா. அவையின்ரை வீட்டுப் பழைய செம்பு, எங்கடை அம்மாட்டைக் கிடந்தது. ஈடு, ஈடு எண்டு நீங்கள் நித்திரையில்லாமல் கிடக்கிறியளாம். உங்களுக்குத் தெரியாமல் பராசக்தியக்கா வீட்டிலை வைக்கப்போறன், கொண்டு வாங்கோ எண்டு கேட்டவா. கிணத்துக்கட்டிலை வைச்சிட்டுப் போனனான். இருட்டிலை கட்டிலை இருந்து தட்டுப்பட்டு விழுந்திடுமோ எண்டுதான் எனக்குப் பயமாயிருந்தது..."

மார்க்கண்டு கரண்டியை இறக்கினான். கை தானாக இறக்கியது. முதல் வீச்சிலேயே கொளுவியது. எங்கே கொளுவியிருக்கும் என்று அவனுக்குத் தெரியும். பாரம் தெரிந்த பாரம்.

கொய்யகத்தில் பிடிபட்டு, பூரணம் வந்தாள். நகங்கள் எல்லாம் உடைந்திருந்தன. வலது கை ஒரு செம்பின் கழுத்தை இறுக்கிப் பிடித்திருந்தது. இரண்டு பேர் சேர்ந்தும் அந்த விரல்களைப் பிரிக்க முடியவில்லை.

"நேற்றுப் பொழுதுபட விழுந்திருக்கு" என்றார் ஒரு பெரியவர். "உடம்பு ஊறிக் கிடக்கு."

"இல்லை" என்றான் மார்க்கண்டு. "ராத்திரி எனக்குச் சாப்பாடு போட்டவள்."

அவன் குனிந்து செம்பின் விளிம்பைத் தடவினான். ஓரிடத்தில் வெடிப்பு. பிறகு தன் கீழ் உதட்டைத் தொட்டான். விரலில் இரத்தம்.

அதற்குப் பிறகு அவன் கிணறு இறங்கவில்லை. தொண்ணூற்றைந்தில் வலிகாமச் சனம் முழுக்கச் சண்டைக்குப் பயந்து ஒரே இரவில் எழும்பி நடந்ததே, அப்போது கொடிகாமத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் பாலேஸ்வரியின் குடும்பத்தோடு கிடந்தானாம். இருட்டில் அவள் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தாள். வாங்கவில்லை. "நெருப்புப் பெட்டியைத் தட்டு. முகத்தைக் காட்டு" என்றான். தட்டினாள். அந்த வெளிச்சத்தில்தான் அவளும் அவன் முகத்தைப் பார்த்தாள்.

நாலு வருடம். உதட்டில் அந்த வெட்டு, இப்போதுதான் பட்டதுபோல, ஈரமாக இருந்ததாம்.